56 வயதில் ஆலை மூடுகிறது: ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

ரிங்ஃபிட்டர், 14 ஜூலை 2024

அனைவருக்கும் வணக்கம். இங்கு எழுதப்படுவனவற்றை ஓராண்டாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

பல்லடத்துக்கும் சூலூருக்கும் இடையிலுள்ள ஒரு சிறிய நூற்பாலையில் 1997 ஜூன் மாதம் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு ரிங் ஃப்ரேம் எனும் நூற்பு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டராகி, இருபத்தேழு ஆண்டுகளை அங்கேயே கழித்துவிட்டேன். கடந்த மார்ச்சில் எனக்கு 56 வயது நிறைந்தது. 2022 மே மாதத்தில் பஞ்சு விலை கண்டி (சுமார் 356 கிலோ) ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோதே எங்கள் ஆலை தள்ளாடத் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியது. 2023 ஜூலையில் சிறு ஆலைகள் உற்பத்தியை நிறுத்திப் போராடியபோது நிறுத்திய இயந்திரங்களில் பாதியை எங்கள் ஆலையில் மறுபடி ஓட்டவே இல்லை. இந்த ஆண்டு பொங்கலுக்குப் பிறகு மாதத்தில் பதினைந்து நாள்தான் வேலை. மீதி நாட்களுக்குச் சம்பளம் எதுவும் தரப்படவில்லை.

சென்ற வாரம் முதலாளி தரப்பிலிருந்து எங்களை ஒவ்வொருவராக அலுவலகத்துக்கு அழைத்தார்கள். ஆலையை விற்கப் போவதாகவும், ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உட்பட எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் தந்து கணக்கை முடித்துவிடுவதாகவும் சொன்னார்கள். எழுதித் தராதவர்கள் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும் என்ற சொல்லும் கூடவே வந்தது. தாளில் எல்லாம் அச்சடிக்கப்பட்டிருந்தது. பெயருக்கும் கையெழுத்துக்கும் மட்டுமே இடம் விட்டிருந்தார்கள். மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) உள்ள 84 பேரில் முப்பது பேருக்கு மேல் போட்டுவிட்டார்கள். எனக்கு 25ஆம் தேதி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

என் மொத்தச் சம்பளம் 19,500 ரூபாய். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,200 ரூபாய். மகள் திருமணத்துக்கும் வீட்டுக்கு ஓடு மாற்றியதற்கும் எடுத்தது போகப் பி.எப். கணக்கில் 6,80,000 ரூபாய் இருக்கிறது. கூட்டுறவு வங்கியில் 1,40,000 ரூபாய்க்கு நகைக்கடன் உண்டு. மனைவி வீட்டிலேயே தைக்கிறார். அதில் மாதம் மூவாயிரம் வந்தால் பெரிது. மகன் ஐ.டி.ஐ. இரண்டாம் ஆண்டு படிக்கிறான்.

மூன்று லட்சத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவதா? பென்ஷனை இப்போதே குறைத்து வாங்கிக் கொள்ளலாம் என்கிறார்களே, அது சரியா? இந்த வயதில் வேறு ஆலைகளில் கேட்டால் கேட்டில் நிற்கும் காவலாளி வேலைதான் இருக்கிறது என்கிறார்கள். அந்த வேலையைத் தாழ்வாகச் சொல்லவில்லை; ஆனால் இருபத்தேழு ஆண்டு நூற்புக் கதிர்களோடு பழகிய கைக்கு வேறு எதுவுமே இல்லையா என்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

பழைய சங்கத்துக்காரன், 14 ஜூலை 2024

ஐயா, 25ஆம் தேதி என்பது அவர்களாக வைத்த தேதி. சட்டத்தில் அப்படி ஒரு தேதி கிடையாது. ஆகவே முதலில் அந்தத் தாளைத் தொடாதீர்கள். நான் கோவை மாவட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சங்கப் பொறுப்பில் இருந்தவன். ஆலை மூடும்போதெல்லாம் இதே அச்சடித்த தாள் வருவதைக் கண்டிருக்கிறேன். வாசகம் கூடப் பெரிதாக மாறுவதில்லை.

அந்தக் கையெழுத்தினால் என்ன போகிறது என்பதைக் கணக்காகவே பார்ப்போம். பணிக்கொடை என்பது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்கி வருவது. உங்களுக்கு அது 2,21,192 ரூபாய். ராஜினாமா செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்தத் தொகை உங்களுடையது. ஐந்தாண்டு முடித்தவருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி முப்பது நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். ஆகவே அவர்கள் தருவதாகச் சொல்லும் மூன்று லட்சத்தில் உண்மையான ‘கூடுதல்’ எண்பதாயிரத்துக்கும் குறைவு. ஆலை மூடப்படுவதால் நீங்கள் வேலை இழக்கிறீர்கள் என்றாலோ, தொழில் தகராறுகள் சட்டப்படி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாக வர வேண்டும். மாதச் சம்பளத்தில் பாதி என்று எளிமையாக வைத்துக்கொண்டாலே 9,750 ரூபாய் வீதம் 27 ஆண்டுக்கு 2,63,250 ரூபாய் ஆகிறது. முன்னறிவிப்புக்கு ஈடான ஒரு மாதச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் கூட்டினால் ஐந்து லட்சத்தைத் தாண்டும். ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிய அந்த நொடியே இழப்பீடு என்ற பகுதி காணாமல் போய்விடும்.

நட்டத்தால் மூடுகிறோம், எங்கள் கையில் எதுவும் இல்லை என்று அவர்கள் சொல்லக்கூடும். தவிர்க்க முடியாத சூழ்நிலையால் மூடும் நிறுவனத்துக்கு இழப்பீட்டில் மூன்று மாதச் சம்பளம் என்ற உச்சவரம்பு உண்டு என்பது மெய்தான். ஆனால் பண நெருக்கடியும் நட்டமும் சரக்கு தேங்கியதும் மட்டும் அப்படிப்பட்ட சூழ்நிலை ஆகாது என்று அதே பிரிவின் விளக்கமே சொல்கிறது. மேலும் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை மூடுவதற்கு அறுபது நாள் முன்பாக அரசுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்திருக்கிறார்களா என்று தொழிலாளர் துறையில் கேளுங்கள். நூறு பேர் இருந்திருந்தால் அரசின் அனுமதியே தேவைப்பட்டிருக்கும். 84 என்பதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. (இப்படி நூறுக்குக் கீழே மஸ்டரை வைத்துக்கொண்டு, மிச்சப் பேரைக் காண்ட்ராக்ட் கணக்கில் காட்டுவது நம் பக்கத்து ஆலைகளில் பழைய வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.) பொங்கலுக்குப் பிறகு வேலை தராத நாட்களுக்கு லே-ஆஃப் இழப்பீடாக அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி தரப்பட வேண்டும், அதையும் மறக்காமல் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். என் கணிப்பில் உங்களுக்கு மிக முக்கியமானது அதுதான். உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கிறீர்கள். ஆலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்த காப்பீட்டாளருக்கு ராஜீவ் காந்தி பெயரிலான உதவித் திட்டம் 2005 முதல் அங்கே இருக்கிறது. முதல் பன்னிரண்டு மாதம் சராசரிச் சம்பளத்தில் பாதியும், அடுத்த பன்னிரண்டு மாதம் கால் பங்கும் வேலையற்றோர் படியாகக் கிடைக்கும். அந்தக் காலத்தில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவமும் தொடரும். ஓய்வு வயது வரையில், அதுவும் வேறு வேலை கிடைக்கும் வரையில்தான் அந்தப் படி வரும். இருபத்துநான்கு மாதத்தில் உங்களுக்கு 58 ஆகிவிடும்; பென்ஷன் தொடங்கிவிடும். தானாக விலகியவருக்கு இது கிடையாது. அந்தத் தாளில் ‘சொந்தக் காரணம்’ என்ற இரண்டு சொற்களை ஏன் அவ்வளவு கவனமாக அச்சடித்திருக்கிறார்கள் என்று முதலாளியை நான் குற்றம் சாட்டப் போவதில்லை. ஆனால் அந்தச் சொற்களின் விலை இது.

அம்பத்தூர் கடைசல், 15 ஜூலை 2024

சட்டத்தை மேலே உள்ள ஐயா சொல்லிவிட்டார். நான் வேறு ஒன்றைச் சொல்ல வந்தேன். ‘வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை’ என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்த பிறகு எனக்கு வேறு எதையும் வாசிக்க முடியவில்லை.

2019இல் வாகன விற்பனை சரிந்தபோது பெரிய நிறுவனங்கள் உற்பத்தியில்லா நாட்கள் என்று அறிவித்துக் கொண்டிருந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தந்த எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு அது ஆள் குறைக்கும் காலமாக முடிந்தது. எனக்கு அப்போது 54 வயது. தர ஆய்வில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வழக்கம்போல் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அம்பத்தூரில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பதால் பேருந்து மாறிக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஏறக்குறைய இரண்டு மாதம் அப்படியே போனேன். குளிர்சாதன அறையில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவே, என்னைப் போலவே தலை நரைத்த இரண்டு மூன்று பேர் தினமும் வருவார்கள். ஒருவரையொருவர் எதற்காக வருகிறீர்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

மனைவி கண்டுபிடித்தது சட்டையை வைத்துத்தான். இருபத்தைந்து ஆண்டுகளாக என் சட்டையில் கட்டிங் ஆயில் வாசனையோடு துவைத்துப் பழகியவர், ஒரு நாள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஏங்க, இதுல எண்ணெய் வாசனையே வரலையே’ என்றார். அன்று நான் அழுததைவிட, அந்த இரண்டு மாதத்தில் அவருக்குத் தெரியாமல் மார்வாடிக் கடையில் அடகு வைத்த வளையல்களைப் பற்றிச் சொன்னபோது அவர் அமைதியாக இருந்ததுதான் எனக்குப் பெரிய தண்டனை. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்திருந்தால் வட்டி அதில் பாதி கூட வந்திருக்காது. ஒளித்துச் செய்ததால் கேட்க ஆளில்லாமல் செய்தேன்.

அடுத்த பிழை பணத்தில் நடந்தது. பி.எப்., பணிக்கொடை எல்லாம் சேர்ந்து ஏழு லட்சம் கைக்கு வந்த செய்தி எப்படித்தான் சொந்தபந்தத்துக்குப் போகுமோ தெரியாது. வேலை போனபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். மைத்துனர் மகனோடு சேர்ந்து நான்கு லட்சம் போட்டு இட்லி மாவுக் கடையும் சிறு உணவகமும் தொடங்கினோம். 2020 பிப்ரவரியில் திறந்தோம். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வாடகையும் கிரைண்டர் தவணையும் மட்டும் ஊரடங்கு பார்க்கவில்லை. பையன் கெட்டவன் இல்லை; எனக்கு வியாபாரம் தெரியாது, அவ்வளவுதான். மைக்ரோமீட்டரில் அளந்து பழகிய நான், கடையில் ஒரு நாள் விற்பனைக்கும் லாபத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

மிஞ்சிய பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட நினைத்தேன். அது அறுபது வயதானவர்களுக்குத்தான் என்று தபால் நிலையத்தில் ஒருவர் சொன்னதை நம்பிவிட்டேன். 55 நிறைந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் அந்தப் பணத்தை அதில் போடலாம். வேலை போனபோது எனக்கு 55 ஆகச் சில மாதங்கள் குறைவாக இருந்தன. உங்களுக்கு வயது இருக்கிறது. இப்போதைய 8.2 விழுக்காட்டில் எட்டு லட்சம் போட்டால் காலாண்டுக்கு 16,400 ரூபாய் வரும். அது பெரும் தொகை அல்ல. ஆனால் அரிசி பருப்புக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம் என்ற நிலையில் ஒரு மனிதன் காவலாளி வேலைக்கும் சம்பளம் பேரம் பேச முடியும். அந்த நிலை இல்லாதவன் கொடுத்ததை வாங்கிக்கொள்வான். நான் அப்படித்தான் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு ஒன்பதாயிரம் என்று ஒத்துக்கொண்டேன்.

இன்று இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள் அண்ணா. ஐ.டி.ஐ. படிக்கும் பையனுக்கும் சொல்லுங்கள்.

நடைமுறைவாதி, 15 ஜூலை 2024

எல்லோரும் சட்டம் பேசுகிறீர்கள். என் தந்தையார் வேலை செய்த ஆலை மூடியபோது அவர் கையெழுத்துப் போடாமல் வழக்குக்குப் போனார். தீர்ப்பு வருவதற்குள் ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆலை நிலம் கை மாறிவிட்டது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் வசூலிப்பது என்று தேடினோம். கையில் வரும் மூன்று லட்சத்தை விட்டுவிட்டுக் காகிதத்தில் இருக்கும் ஐந்து லட்சத்துக்குப் போகச் சொல்வது, சொல்பவர்களுக்கு எளிது.

பழைய சங்கத்துக்காரன், 15 ஜூலை 2024

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. நானும் அப்படிப்பட்ட தீர்ப்புகளைக் கையில் வைத்திருந்தவர்களோடு நடந்திருக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடாமல் இருப்பதும் வழக்குப் போடுவதும் ஒன்றல்ல. இடையில் சமரசம் என்று ஒரு படி இருக்கிறது. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்பு ஒரு மனுக் கொடுத்தால் முதலாளியை அழைத்துப் பேசுவார். ஆலையை விற்க நினைக்கும் முதலாளிக்குத் தகராறு நிலுவையில் இருப்பது பெரிய தொல்லை. வாங்க வருகிறவர் முதலில் கேட்பதே தொழிலாளர் பாக்கி உண்டா என்பதைத்தான். விற்பனை முடியும் வரைதான் உங்கள் கையில் பலம் இருக்கிறது, முடிந்த பிறகு இல்லை. ஆகவே தனியாகப் போகாமல், கையெழுத்துப் போடாத மற்றவர்களில் பத்துப் பேரையாவது சேர்த்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் இழப்பீட்டுப் பகுதியில் விட்டுக்கொடுங்கள். பணிக்கொடையில் ஒரு ரூபாய் கூட வேண்டாம்; ‘ஆலை மூடலால் பணி முடிவு’ என்ற வாசகத்திலும் வேண்டாம்.

கணக்கர் அம்மா, 16 ஜூலை 2024

பென்ஷன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் ஒரு தனியார் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பி.எப். கணக்குப் பார்த்து வருகிறேன்.

உங்கள் பணிக்காலம் முழுவதும் 1995 நவம்பரில் தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வருகிறது. சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதுதான் சூத்திரம் என்றாலும், 14,200 ரூபாயை 27ஆல் பெருக்கிப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். 2014 செப்டம்பருக்கு முந்தைய ஆண்டுகளுக்கு 6,500 ரூபாய் என்ற பழைய உச்சவரம்பும், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு 15,000 ரூபாய் என்ற வரம்பும் தனித்தனியே பொருந்தும். முன் பகுதிக்கு ஏறத்தாழ 17 ஆண்டு, பின் பகுதிக்கு 10 ஆண்டு என்று கொண்டால் 1,580 ரூபாயும் 2,030 ரூபாயுமாக மாதம் சுமார் 3,600 ரூபாய் வரும். 58 வயதில் பெறும்போது, இருபது ஆண்டு முடித்தவர் என்பதால் இரண்டு ஆண்டு கூடுதலாகக் கணக்கில் சேரும். நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும் என்று எதிர்பார்க்கலாம்.

இப்போதே வாங்கினால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு கழிப்பார்கள். கையில் சுமார் 3,300 ரூபாய் வரும். அதாவது இரண்டு ஆண்டு முன்னதாக வாங்குவதால் எண்பதாயிரம் ரூபாய் அளவுக்கு முன்கூட்டியே கிடைக்கிறது. அதற்கு விலையாக ஆயுள் முழுவதும் மாதம் அறுநூறு ரூபாய் போல் குறைகிறது. இந்த இரண்டும் சரிக்குச் சரியாக உங்களுக்கு 69 வயது ஆகிவிடும். ஆகவே ‘முன்கூட்டி வாங்குவது முட்டாள்தனம்’ என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. உடல்நலம் சரியில்லாதவருக்கும், கந்துவட்டிக்குப் போகும் நிலையில் இருப்பவருக்கும் அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் உங்களுக்குப் பின் உங்கள் மனைவிக்கு வரும் பென்ஷன் இதில் பாதிதான் என்பதை நினைவில் வையுங்கள். குறைத்து வாங்கினால் அவருக்கும் குறையும். ஈ.எஸ்.ஐ. படி கிடைக்குமானால் 58 வரை காத்திருப்பதே நல்லது. நடுவில் பி.எப். பிடிக்கும் எந்த வேலைக்குப் போனாலும் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எப். உறுப்பினர் எண்) கொடுங்கள்; பணியாண்டு தொடரும்.

பி.எப். பணம் 6,80,000 ரூபாயை எடுக்க அவசரப்பட வேண்டாம். 2023-24ஆம் ஆண்டுக்கு 8.25 விழுக்காடு வட்டி. பெரிய வங்கிகளின் வைப்பு வட்டியைவிடக் குறைவில்லை. ஆனால் அது மாதாமாதம் வட்டி தராது. செலவுக்கு வட்டி வேண்டும் என்றால்தான் மேலே அவர் சொன்ன சேமிப்புத் திட்டத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: ஆதாரிலும் பி.எப். பதிவிலும் உங்கள் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஆலை அலுவலகம் இயங்கும்போதே பார்த்துவிடுங்கள். 1997இல் கையால் எழுதிச் சேர்த்த பெயர்களில் ஒற்றெழுத்தும் இனிஷியலும் மாறாமல் இருந்தது அபூர்வம். ஆலை மூடிய பிறகு திருத்தத்துக்கு ஒப்புதல் தர முதலாளியைத் தேடி அலைந்தவர்களின் கோப்புகள் என் மேசையிலேயே இருந்திருக்கின்றன.

ரிங்ஃபிட்டர், 1 செப்டம்பர் 2024

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்வது என் கடமை.

அம்பத்தூர் அண்ணனின் பதிலை வாசித்த இரவே வீட்டில் சொல்லிவிட்டேன். மனைவிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட்ட முப்பது பேரில் ஒருவரின் மனைவி அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவராம். நான் சொல்வேனா என்று ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினான்கு பேராகச் சேர்ந்து சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்தோம். முதல் முறை ஆலைத் தரப்பிலிருந்து யாரும் வரவில்லை. இரண்டாம் முறை மேலாளர் வந்து நேரம் கேட்டார். மூன்றாம் முறை, சங்கத்து ஐயா சொன்னபடியே, நிலத்தை வாங்கப் போகிறவரின் வக்கீலும் கூடவே வந்திருந்தார். அன்றே பேச்சு முன்னேறியது. பணிக்கொடை 2,21,192 ரூபாய் குறையாமல், இழப்பீடும் முன்னறிவிப்பும் லே-ஆஃப் பாக்கியும் சேர்த்து 2,10,000 ரூபாய் என்று எழுத்தில் ஒப்பந்தமாகியது. கணக்குப்படி இதில் எழுபதாயிரத்துக்கு மேல் விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பது தெரியும். வழக்குக்குப் போகலாம் என்று இருவர் சொன்னார்கள். மற்ற பன்னிரண்டு பேருக்கும் பள்ளிக் கட்டணமும் கடனும் இருந்தன. ‘ஆலை மூடலால் பணி முடிவு’ என்ற வாசகத்துக்கு மட்டும் மேலாளர் அரை மணி நேரம் மறுத்தார்; நாங்கள் விட்டுத் தரவில்லை, கடைசியில் அப்படியே எழுதினார்கள். பணிக்கொடை காசோலை வந்துவிட்டது. மீதி இரண்டு தவணை.

ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். முதலில் இருந்த எழுத்தருக்கே அந்தத் திட்டம் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டு வந்த பிறகுதான் படிவம் தந்தார். முதலில் கையெழுத்துப் போட்ட நண்பர்கள் மூவரும் என்னோடு வந்து கேட்டார்கள். அவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் நாங்கள் நால்வரும் அதிகம் பேசவில்லை.

என் பெயர் பி.எப். பதிவில் ஓர் எழுத்து மாறித்தான் இருந்தது, அம்மா. திருத்தம் ஆகிவிட்டது. நகைக்கடனைப் பணிக்கொடையிலிருந்து அடைத்துவிட்டேன். உடுமலைப் பக்கம் ஓர் ஆலையில் பழைய ஃப்ரேம்களை ஓவர்ஹால் செய்ய ஆள் வேண்டும் என்று விசாரித்திருக்கிறார்கள். வேலைக்குப் போனால் ஈ.எஸ்.ஐ. படி நின்றுவிடும் என்பதால், அங்கே பி.எப். பிடிப்பார்களா, எத்தனை மாத வேலை என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றேன். இப்படி ஒரு கேள்வியை இதற்கு முன் எந்த முதலாளியிடமும் நான் கேட்டதில்லை.

பழைய சங்கத்துக்காரன், 8 டிசம்பர் 2025

இதைத் தேடி வாசிப்பவர்கள் இன்னும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புவதால் ஒரு திருத்தம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. மேலே நான் சொன்ன தொழில் தகராறுகள் சட்டமும் பணிக்கொடைச் சட்டமும் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. மூடுவதற்கு அரசு அனுமதி என்ற வரம்பு நூறு பேரிலிருந்து முந்நூறாக உயர்ந்துவிட்டது. ஆகவே அந்தப் பாதுகாப்பு இப்போது பெரிய ஆலைகளுக்கு மட்டுமே. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுபயிற்சி நிதியாகப் பதினைந்து நாள் சம்பளத்தை முதலாளி கட்ட வேண்டும், அது நாற்பத்தைந்து நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்பது புதிதாக வந்திருக்கிறது. ஆகவே ஆட்குறைப்பு என்று எழுதப்பட்ட கடிதத்துக்கும் ராஜினாமாவுக்கும் உள்ள தொகை வித்தியாசம் இப்போது இன்னும் சற்றுக் கூடியிருக்கிறது.